கண்ணுக்கும் செவிக்கும் ஒரு பொருள்: பேச்சும் படமும் இணைந்த இடைமுகங்களின் தானாக்க வரலாறு

கணிப்பொறியும் மனிதரும் எதிர்ப்படும் எல்லையை ‘இடைமுகம்’ என்னும் சொல்லால் குறிப்பது தமிழில் வழக்காகிவிட்டது. திரையில் தோன்றும் எழுத்து, படம், பட்டியல், பொத்தான் ஆகியனவும், ஒலிபெருக்கியிலிருந்து எழும் பேச்சும், பயனரின் குரலும் விரலும் இவ்வெல்லைக்குள் அடங்குவன. இவற்றை ஒரு வடிவமைப்பாளர் முன்கூட்டியே ஒவ்வொன்றாக வரைந்து வைப்பதே பொதுவான முறை. அவ்வாறன்றி, சொல்லவேண்டிய பொருளை மட்டும் கணிப்பொறியிடம் கொடுத்து, அதனைப் பேச்சென்றும் படமென்றும் பகுத்து, பயன்படுத்துவோரின் தகுதிக்கும் தேவைக்கும் ஏற்பக் கணிப்பொறியே அமைத்துத் தரும்படி செய்யும் முயற்சி ஒன்று நாற்பதாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. இதன் வரலாறு பெரும்பாலும் பொறியியல் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எனினும், இம்முயற்சியைத் திருப்பந்தோறும் தடுத்து நிறுத்திய சிக்கல்களை உற்றுநோக்கின் அவை மொழியின் சிக்கல்களாகவே இருத்தலைக் காணலாம். கண்ணுக்கென்று எழுதப்பட்டதைச் செவிக்கு வாசித்துக் காட்டுவதால் அது பேச்சு ஆகிவிடுவதில்லை; இரண்டிற்கும் முற்பட்ட பொருள்நிலை ஒன்றிலிருந்து இரண்டும் தனித்தனியே பிறக்கவேண்டும். இவ்வுண்மை மெல்லமெல்லப் புலப்பட்ட விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுட்டுச்சொல்லும் சுட்டுவிரலும்

பேச்சையும் படத்தையும் ஒரே உரையாடலில் பிணைத்த முதல் முயற்சிகளுள் பெரிதும் போற்றப்படுவது, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் போல்ட் 1980இல் வெளியிட்ட ஆய்வாகும். ‘அதை அங்கே வை’ என்று பொருள்படும் தொடரே அவ்வமைப்பின் பெயராக வழங்கிற்று. சுவரளவு விரிந்த திரையின் எதிரே ஒரு நாற்காலி. அதில் அமர்ந்திருப்பவரின் கையில், திரையில் எவ்விடத்தை அவர் சுட்டுகிறார் என்பதை அளக்கும் சிறு காந்த உணர்கருவி. அவர் பேச்சைக் கேட்கும் ஒரு பேச்சுணர் கருவி. அக்கருவி சில சொற்கள் கொண்ட குறுந்தொடர்களையே ஒருமுறைக்கு ஏற்றது. அதன் சொற்களஞ்சியமும் மிகச் சிறியது. திரையில் வட்டம், சதுரம் முதலிய எளிய வடிவங்களே இருந்தன.

இவ்வளவு குறுகிய கருவிகளைக்கொண்டு அவ்வமைப்பு வியப்பூட்டியதன் காரணம், அது சுட்டுச்சொல்லின் இயல்பைச் சரியாகப் பயன்படுத்தியதே. ‘அது’ என்னும் சொல் தனித்து நிற்கையில் பொருள் நிரம்பாதது. விரல் தனித்து நீள்கையில் எதனைக் குறிக்கிறது என்பது ஐயத்திற்குரியது. இரண்டும் ஒரே கணத்தில் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. அகரம், இகரம், உகரம் என்னும் மூன்றனையும் சுட்டென்று தனியே வகுத்துக் கூறிய தொல்காப்பிய மரபில் வந்தோர்க்கு இது புதுமையன்று. சேய்மை, அண்மை, இடைமை என்னும் பாகுபாடு பேசுவோர் நிற்கும் இடத்தை அளவாகக் கொண்டது. ஆகவே பேசுவோரின் உடலையும் அவர்தம் கண்முன் உள்ள வெளியையும் அறியாத பொறிக்குச் சுட்டின் பொருள் விளங்காது. போல்ட் தம் பொறிக்கு அந்த வெளியைக் காட்டிக்கொடுத்தார் எனலாம்.

ஆயினும், அவ்வமைப்பின் புகழ் பின்வந்தோரைச் சற்றே வழிதவறவும் செய்தது. பேசுதலும் சுட்டுதலும் எப்போதும் உடனிகழ்வன என்ற எண்ணம் வேரூன்றியது. அமெரிக்க ஆய்வாளர் ஷாரன் ஓவியாட் 1990களில் நிலப்படங்களின் மேல் எழுதுகோலாலும் குரலாலும் பணிசெய்தோரைக் கூர்ந்து ஆராய்ந்து, இவ்வெண்ணம் பிழையென 1999இல் எழுதினார். மக்கள் பலவேளைகளில் ஒரு முறையை மட்டுமே கையாள்கின்றனர். இரண்டையும் கையாளும்போதும் எழுதுகோல் முந்துவதும் பேச்சு பிந்துவதும் இயல்பு. அவர்தம் ஆய்வின் மற்றொரு முடிவு இந்தியருக்கு இன்னும் இன்றியமையாதது. ஆங்கிலத்தை வேற்று உச்சரிப்புடன் பேசுவோரின் பேச்சைப் பொறி மிகுதியும் தவறாகவே உணர்ந்தது. ஆனால் பேச்சோடு கோலின் குறியும் சேர்ந்தபோது, ஒன்று மற்றொன்றின் ஐயத்தைத் தீர்த்தமையால், அவர்களுக்கும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கும் இடையிலிருந்த வேறுபாடு பெரிதும் மறைந்தது.

படத்திற்கும் ஓர் இலக்கணம்

மேற்கூறியவை மனிதர் பொறியிடம் பேசுவது பற்றியன. பொறி மனிதரிடம் தானே பேசவும் வரைந்து காட்டவும் வேண்டுமாயின், முதலில் படத்திற்கும் இலக்கணம் ஒன்று வேண்டும். பிரெஞ்சு நிலப்பட அறிஞர் ழாக் பெர்த்தேன் 1967இல் வெளியிட்ட நூலில், இடம், அளவு, நிறம், வடிவம் முதலியவற்றைப் படத்தின் உறுப்புகளாக வகுத்து, எவ்வுறுப்பு எவ்வகைச் செய்தியைத் தாங்கவல்லது என்று காட்டியிருந்தார். அவ்வழியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜாக் மெக்கின்லே 1986இல் தம் முனைவர் பட்ட ஆய்வில், தரவைக் கொடுத்தால் அதற்கேற்ற வரைபடத்தைத் தானே தேர்ந்து வரையும் நிரல் ஒன்றை உருவாக்கினார்.

அவர் வகுத்த அளவுகோல்கள் இரண்டு. படம் தரவிலுள்ள செய்தி முழுவதையும் சொல்லவேண்டும், அதில் இல்லாததைச் சொல்லலாகாது என்பது ஒன்று. காண்போர் கண் எளிதில் துல்லியமாக அளக்கக்கூடிய உறுப்பிற்கே முதலிடம் தரவேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு அவர் தரும் சான்று எண்ணத்தக்கது. ஒவ்வொரு மகிழுந்தும் எந்நாட்டில் செய்யப்பட்டது என்னும் செய்தியைப் பட்டை வரைபடமாக வரைந்தால், நாடுகளுக்குள் உயர்வு தாழ்வு இருப்பதுபோன்ற பொய்த்தோற்றம் எழுகிறது. நீண்ட பட்டை ‘மிகுதி’ என்று கண்ணிடம் சொல்லிவிடுகிறது. வரைந்தவர் கருதாத பொய்யைப் படம் சொல்லக்கூடும் என்பதை விதியாக எழுதிப் பொறிக்குக் கற்பித்தது மெக்கின்லேயின் அருஞ்செயல்.

எழுத்தையும் படத்தையும் ஒருங்கே பிறப்பிக்கும் முயற்சிகள் இதனைத் தொடர்ந்தன. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபைனரும் கேத்லீன் மெக்கியூனும் அமைத்த ‘காமெட்’, படைத்துறை வானொலிக் கருவியைப் பழுதுபார்க்கும் முறையை உரையும் முப்பரிமாணப் படமுமாக விளக்கியது. ஜெர்மனியின் சார்புருக்கன் நகரில் வொல்ஃப்காங் வால்ஸ்டர், எலிசபெத் ஆந்த்ரே, தோமஸ் ரிஸ்ட் முதலியோர் 1989 முதல் 1993 வரை உருவாக்கிய ‘விப்’ என்னும் அமைப்பு, காப்பிப் பொறியை இயக்கும் முறையை ஜெர்மன் மொழியிலோ ஆங்கிலத்திலோ படங்களுடன் விளக்கியது. இரண்டிலும் செய்தி ஒன்றே. அதில் எப்பகுதி சொல்லுக்கு, எப்பகுதி படத்திற்கு என்பதைப் பொறி தீர்மானித்தது. எங்கே இருக்கிறது, எப்படித் தோன்றுகிறது என்பன படத்திற்கு. ஏன், எப்போது, இல்லையேல் என்ன என்பன சொல்லுக்கு. காரணத்தையும் நிபந்தனையையும் எதிர்மறையையும் வரைந்து காட்டுவது எவ்வளவு அரிது என்பது பொறிக்குக் கற்பிக்க முனைந்தபோதுதான் தெளிவாயிற்று.

‘காமெட்’ அமைப்பின் இரண்டு செயல்கள் தனியே சுட்டத்தக்கன. ஒரு வாக்கியம் ஒரே படத்தில் அடங்காத அளவு பொருளைச் சுமக்குமாயின் அவ்வாக்கியம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. படத்தின் எல்லை வாக்கியத்தின் எல்லையைத் தீர்மானித்தது. அடுத்து, படிப்பவர் அறியாத சொல் தவிர்க்கப்பட்டது. மின்கலத்தின் ‘துருவநிலை’யைச் சரிபார்க்கவேண்டும் என்னும் கருத்து, அச்சொல்லை அறியாதவருக்கு, கூட்டற்குறி கூட்டற்குறியோடு பொருந்துகிறதா என்று பார்க்கும்படி மாற்றிச் சொல்லப்பட்டது. தகவமைதல் என்னும் சொல்லுக்கு இதனினும் எளிய விளக்கம் தேடவேண்டியதில்லை. பயனரின் இயல்பை ஊகித்து அதற்கேற்ப நடக்கும் நிரலை எலேன் ரிச் 1979இலேயே அமைத்திருந்தார். வாசகரின் சுவை அறிந்து புதினங்களைப் பரிந்துரைக்கும் நூலகர்போன்ற அமைப்பு அது. ‘காமெட்’ அக்கருத்தைச் சொல்தேர்வு வரை கொண்டு சென்றது.

காலத்தில் ஓடும் பேச்சு, இடத்தில் நிற்கும் படம்

எழுத்தும் படமும் தாளில் அருகருகே நிற்பன. கண் விரும்பியபடி மீண்டும் மீண்டும் சென்று வரலாம். எழுத்தின் இடத்தில் பேச்சு வந்ததும் நிலைமை மாறியது. பேச்சு காலத்தில் ஓடுவது, நிற்பதுமில்லை, திரும்புவதுமில்லை. இவ்வேறுபாடு முழுமையாக எதிர்கொள்ளப்பட்டது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1990களின் இடையில் உருவான ‘மேஜிக்’ என்னும் அமைப்பில். மெக்கியூன், ஃபைனர் ஆகியோருடன் மயக்கவியல் மருத்துவர் டெஸ்மண்ட் ஜோர்டானும் இதில் பங்குகொண்டார்.

இவ்வமைப்பின் களம் இதய அறுவை அரங்கு. இதயத் தமனி மாற்றுவழி அறுவை முடிந்து, நோயாளி தீவிர மருத்துவப் பிரிவிற்குக் கொண்டுவரப்படும் இடைவேளை மிக நெருக்கடியானது. என்ன நடந்தது என்பதை அறிந்தோர் அரங்கினுள் நோயாளியைக் கவனிப்பதில் மூழ்கியிருப்பர். அதை அறியவேண்டியோர் வெளியே படுக்கையும் மருந்தும் கருவிகளும் ஆயத்தம் செய்துகொண்டிருப்பர். நோயாளிக்கு எந்நோய்கள் முன்பே உள்ளன, எம்மருந்துகள் செலுத்தப்பட்டுள்ளன, எக்குழாய்கள் பொருத்தப்பட்டுள்ளன என்பதைச் செவிலியர் முன்கூட்டியே அறிந்தால் ஆயத்தம் நிறைவாகும். அறுவை நடக்கும்போதே கருவிகளிலிருந்து கணிப்பொறியில் பதிவாகும் தரவுகளை எடுத்து, வேண்டியவற்றைத் தெரிந்து, பேச்சும் திரைப்படமுமாகச் செவிலியர்க்கும் மருத்துவர்க்கும் எடுத்துரைப்பதே ‘மேஜிக்’கின் பணி. கைகள் வேலையில் இருக்க, செவி கேட்கலாம். ஐயம் எழும்போது கண் திரையை நோக்கலாம்.

இங்கே பேச்சையும் படத்தையும் பிறப்பிக்கும் இரு பகுதிகளுக்குள் எழுந்த பிணக்கு, ஒரு மொழியியலார் கருதிப்பார்க்கவேண்டியது. திரையின் மேற்பகுதியில் நோயாளியின் பெயர், வயது, பாலினம், மருத்துவர் பெயர், அறுவையின் பெயர் முதலியன ஒரு தொகுதியாக நிற்கின்றன. முன்னைய நோய்கள் வேறோரிடத்தில் தனித்தொகுதியாக நிற்கின்றன. பேச்சு ஒவ்வொன்றையும் சொல்லும்போது திரையில் அதற்குரிய இடம் ஒளிரவேண்டும். பேச்சைப் பிறப்பிக்கும் பகுதி சுருக்கத்தை நாடுவது. ‘65 வயதான, நீரிழிவு நோயுள்ள ஆண் நோயாளி’ என்பதுபோல், நோயைப் பெயரடையாக்கி ஒரே தொடரில் அடக்கிவிட்டால் ஒரு வாக்கியம் மிச்சம். ஆனால் அவ்வாறு பேசினால் ஒளி முதல் தொகுதியிலிருந்து மற்றதற்குத் தாவி, மீண்டும் முதலாவதற்கே திரும்பவேண்டும், கண் அலைக்கழிகிறது. படத்தைப் பிறப்பிக்கும் பகுதியோ ஒரு தொகுதியை முடித்தபின்பே அடுத்ததற்குச் செல்ல விரும்புகிறது. அதன் விருப்பப்படி நடந்தால் பேச்சு நீள்கிறது. நெருக்கடி வேளையில் கேட்போர் பொறுமை இழக்கின்றனர். ஒளி தோன்றும் கால அளவும் ஒரு சிக்கலே. ஒரு சிறு சொல்லை ஒலிக்கும் நேரம் மட்டும் ஒளிர்ந்து அணைந்தால் கண் அதைக் காணுமுன் அது மறைந்துவிடும்.

இப்பிணக்கைத் தீர்க்க அவ்வாய்வாளர் 1996இல் கூறிய வழி பேச்சுவார்த்தை. ஒவ்வொரு பகுதியும் தனக்கு இயன்ற வரிசைகள் அனைத்தையும், எது தனக்குச் சிறந்தது, எது அடுத்தது என்ற தரத்துடன் முன்வைக்கும். ஒருங்கிணைக்கும் பகுதி இரண்டிற்கும் பொருந்திய வரிசையைத் தேர்ந்தெடுக்கும். பொருந்தாவிடில் அடுத்த தெரிவைக் கேட்கும். எப்பகுதியும் மற்றதன் உள்ளமைப்பை அறியவேண்டியதில்லை. பேச்சு தலைமையென்றும் படம் அதன் துணையென்றும் முன்னமே முடிவுகட்டியிருந்தால் இவ்வழி தோன்றியிராது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறல் தகும். மேற்கண்ட பேச்சுவார்த்தை ஆங்கிலத் தொடரமைப்பைக் களமாகக் கொண்டது. ஆங்கிலத்தில் அடைகள் சில பெயருக்கு முன்னும் பல பின்னும் வரும். ஆகவே வரிசையை மாற்ற இடம் உண்டு. தமிழில் பெயரெச்சமும் பெயரடையும் பெயருக்கு முன்னரே நிற்பன; வினை இறுதியில் நிற்பது. ‘நோயாளி’ என்னும் சொல்லைக் கேட்குமுன்பே அவரைப்பற்றிய அடைகளெல்லாம் செவியில் விழுந்துவிடுகின்றன. திரையில் நோயாளியின் பெயர் எப்போது ஒளிரவேண்டும் என்பது உடனே கேள்வியாகிறது. மறுபுறம், வேற்றுமை உருபுகளின் துணையால் தொடர்களை இடம்மாற்றும் உரிமை தமிழில் மிகுதி. மேலும் ஒரு நன்மை உண்டு. ஆங்கிலத்தில் அடுக்கிச் சொல்லும்போது இறுதிச் சொல்லுக்கு முன்னர்தான் இணைப்புச்சொல் வருகிறது. தமிழிலோ எண்ணும்மை முதல் சொல்லிலேயே ஒட்டி நிற்கிறது. ‘நீரிழிவும்’ என்று கேட்டவுடனேயே இன்னொன்று வரவிருக்கிறது என்று செவி அறிந்துகொள்கிறது. திரும்பிப் பார்க்கவியலாத செவிக்கு இம்முன்னறிவிப்பு பெரும்பேறு. ஆங்கிலத்திற்கென வகுத்த வரிசை விதிகளை அப்படியே தமிழுக்குப் பெயர்த்தால் இந்நன்மை கைநழுவும்.

திரையை வாசிப்பதும் பொருளைப் பேசுவதும்

பேச்சைப் படத்தின் நிழலாகக் கருதலாகாது என்பதைத் தம் வாழ்க்கைத் தேவையிலிருந்தே நிறுவியவர் டி. வி. ராமன். 1965இல் பிறந்து புனேயில் வளர்ந்த அவர் பதினான்காம் வயதில் கண்பார்வையை இழந்தார். புனேப் பல்கலைக்கழகத்திலும் மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்றபின், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர்தம் ஆய்வின் பயனாகிய ‘ஆஸ்டர்’, கணிதக் கட்டுரைகளைச் செவிக்கு எடுத்துரைக்கும் அமைப்பு. அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும் ஆஸ்டரே.

கணிதக் கோவை ஒன்றை எழுத்தெழுத்தாக வாசித்துக்காட்டினால் எது அடுக்கு, எது கீழ்க்குறி, எது வகுத்தியின் எல்லை என்பன செவிக்கு விளங்கா. ‘ஆஸ்டர்’ தாளின் தோற்றத்தை வாசிக்கவில்லை. கோவையின் உள்ளமைப்பை மரவடிவில் உணர்ந்து, அதற்குச் செவிவழி உருவம் ஒன்றைப் புதிதாகக் கொடுத்தது. அடுக்கு வரும்போது குரல் உயர்ந்தது, கீழ்க்குறி வரும்போது தாழ்ந்தது. நீண்ட கோவையின் உட்பகுதிக்கு ஒரு பெயரிட்டு, முதலில் மேலமைப்பை மட்டும் கேட்டு, பின்னர் உட்பகுதியை வேண்டும்போது கேட்கும் வாய்ப்பும் இருந்தது. கண் ஒரே பார்வையில் பெறும் மேலோட்டக் காட்சியைச் செவிக்கு இவ்வாறு வேறு வழியில் அளித்தார்.

1995இல் அவர் வெளியிட்ட ‘ஈமேக்ஸ்பீக்’ இக்கருத்தை அன்றாடப் பணிகளுக்கு விரித்தது. இதன் சிறப்பை விளக்க அவரே காட்டும் சான்று நாட்காட்டி. திரையில் ஒரு மாதத்தின் நாட்கள் கட்டங்களாக நிற்கின்றன. கண்ணுடையார் ‘1’ என்னும் எண்ணின் மேல் பார்வை வைத்தால், மேலே மாதப் பெயரையும் நெடுவரிசையின் தலையில் கிழமையையும் தம்மையறியாமல் சேர்த்துக்கொள்கின்றனர். திரையை வாசிக்கும் பொது நிரலோ ‘ஒன்று’ என்று மட்டும் ஒலிக்கும். ‘ஈமேக்ஸ்பீக்’ அந்த எண் தோன்றக் காரணமான பொருளையே அணுகி, கிழமை, மாதம், ஆண்டு உட்பட நாளை முழுமையாகச் சொல்லிற்று. வலைப்பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் பாணித்தாள் வரையறையின் 1998ஆம் ஆண்டுப் பதிப்பில் செவிக்கான பாணிகள் இடம்பெற்றமைக்கும் அவருடைய சிந்தனை துணையாயிற்று. பார்வையற்றோர்க்கெனச் செய்யப்பட்டது என்று இப்பணியை ஒதுக்கிவைக்கும் போக்கு ஆய்வுலகில் உண்டு. அது பிழை, கையும் கண்ணும் ஓய்வின்றி இருக்கும் செவிலியர்க்கும் ராமனுக்கும் வேண்டியது ஒன்றே.

தகவமைதலின் நன்மையும் இடரும்

படமும் பேச்சும் ஒரே பொருள்விளக்கத்திலிருந்து பிறக்கவேண்டும் என்னும் கொள்கை அன்றாடக் கருவிகளுக்கு வந்தது 2002இல். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி நிக்கல்ஸ், பிராட் மையர்ஸ் முதலியோர், வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள கருவிகள் ஒவ்வொன்றும் தன்னைப்பற்றிய விளக்கத்தைத் தானே வழங்கும்படி ஒரு முறையை வகுத்தனர். தன்னிடம் எந்நிலைகள் உள்ளன, எக்கட்டளைகளை ஏற்கும், எது இயங்கும்போது எது பொருளற்றதாகும் என்பன மட்டும் அவ்விளக்கத்தில் இருக்கும். பொத்தானின் நிறமோ இடமோ அதில் இராது. அதனைப் பெறும் கையடக்கக் கணிப்பொறி ஒருபுறம் திரையமைப்பையும் மறுபுறம் பேச்சமைப்பையும் தானே உண்டாக்கிக்கொள்ளும். 2007இல் வெளியான சோதனையில், பலபணி அச்சுப்பொறிகளைத் தம் சொந்தப் பலகையால் இயக்கியோரைவிட, இவ்வாறு தானாகப் பிறந்த இடைமுகத்தால் இயக்கியோர் இருமடங்கு விரைவாகவும் நான்கு மடங்கு வெற்றியுடனும் பணிகளை முடித்தனர்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் க்ஷிஷ்டோஃப் காயோஸ், டேனியல் வெல்ட் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ‘சப்பிள்’ பேச்சைக் கையாளவில்லையெனினும் தகவமைதலை அளவிடக்கூடியதாக்கியது. ஒரு பயனரின் கை எவ்வளவு விரைவாக, எவ்வளவு துல்லியமாக இயங்குகிறது என்பதைச் சிறு சோதனையால் அளந்து, அவருக்கு மிகக் குறைந்த முயற்சி வேண்டும் திரையமைப்பை அது கணக்கிட்டுத் தேர்ந்தது. 2008இல் வெளியான ஆய்வின்படி, கை இயக்கக் குறைபாடு உடையோர் தமக்கென அமைந்த இடைமுகத்தில் 26.4 விழுக்காடு விரைவாகப் பணிசெய்தனர். பிழைகள் 73 விழுக்காடு குறைந்தன.

எனினும், தகவமையும் இடைமுகம் யாவும் வரவேற்கப்பட்டதாகக் கூறவியலாது. தானாகப் பிறப்பிக்கும் கருவிகள் 1980களிலேயே பல தோன்றி மறைந்தன. உள்ளே கொடுத்தது என்னவாக வெளிவரும் என்று முன்னறிய இயலாமையே அவற்றின் வீழ்ச்சிக்குக் காரணமென மையர்ஸும் உடனாய்வாளரும் 2000இல் எழுதினர். மிகுதியும் பயன்படுத்தியவற்றை மேலே ஏற்றித் தானே வரிசை மாறும் பட்டியல்களைவிட, மாறாது நிற்கும் பட்டியலையே பெரும்பாலோர் விரும்பினர் என்று 1989இலேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. ஆயினும் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000இல் அரிதாகப் பயன்படுவனவற்றை மறைக்கும் பட்டியல் இடம்பெற்று, 2007 பதிப்பில் வேறு அமைப்புக்கு இடம் கொடுத்தது. வீட்டில் பண்டங்களை அன்றன்று இடம்மாற்றி வைக்கும் ஏவலாளர், எத்துணை அறிவுடையவராயினும், உதவியாகார். நிக்கல்ஸ் குழுவினர் இதனையறிந்து, புதிய கருவியின் இடைமுகம் பயனர் முன்பு பழகிய கருவியின் இடைமுகத்தை ஒத்திருக்கும்படி செய்தனர்; அதனாலும் விரைவு இருமடங்காயிற்று. இங்கே தகவமைதல் என்பது மாறுவதன்று, மாறாதிருப்பது.

2023க்குப் பின் பெருமொழி மாதிரிகள் சில சொற்களில் கேட்டவுடன் திரையமைப்பை எழுதித் தருகின்றன, பேசவும் செய்கின்றன. முந்தைய அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிய சரளம் இவற்றுக்கு எளிதில் கைவருகிறது. ஆனால் ‘மேஜிக்’கில் பேச்சும் படமும் முரண்பட்டால், இரண்டிற்கும் மூலமான பொருள்விளக்கத்தைத் திறந்து பிழையைக் கண்டுபிடிக்கலாம். பெருமொழி மாதிரியில் அத்தகைய மூலம் வெளிப்படையாக இல்லை. மருந்தின் அளவைத் திரை ஒன்றாகவும் குரல் வேறாகவும் கூறினால் எதை நம்புவது என்னும் கேள்விக்குச் சரளம் விடையாகாது.

எழுத்தறியாதார் முன் திரை

இந்தியாவில் இத்துறையின் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. இங்கே திரையின் எதிரே இருப்பவர் எழுத்தறியாதவராக இருக்கலாம். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த இந்திராணி மேதியும் உடனாய்வாளரும் 2006இல், குடிசைப் பகுதிகளில் வாழ்ந்து வீட்டுவேலை செய்யும் பெண்கள் வேலை தேடுவதற்கு உதவும், எழுத்தே இல்லாத இடைமுகம் ஒன்றை வெளியிட்டனர். படங்களும், ஒவ்வொன்றையும் விளக்கும் குரலும் அதன் உறுப்புகள். பெயரும் வினையும் பற்றிய இலக்கணக் கேள்வி அதில் எதிர்பாராது எழுந்தது. பாத்திரங்களை மட்டும் வரைந்தால் பார்ப்பவர்க்கு அது பாத்திரம்; கழுவுதல் என்னும் தொழில் தோன்றவில்லை. குழாயிலிருந்து நீர் ஓடுவதும் அடுப்பிலிருந்து ஆவி எழுவதும் சேர்ந்தபிறகே படம் வினையாயிற்று.

அதே குழுவினர் எழுத்தறியாதோர் 200 பேரிடம் நோய்க்குறிகளைப் பலவகைப் படங்களாலும் குரலாலும் காட்டிச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு எச்சரிக்கையானது. குரல்விளக்கம் பொதுவாகப் புரிதலை விரைவுபடுத்துகிறது. ஆனால் குரலும் காட்சியும் ஒருங்கே வருவது சிலபோது குழப்பவும் செய்கிறது. செறிவான காட்சி மேலும் நன்கு புரியும் என்பதற்கும் உறுதியில்லை. நியூயார்க் மருத்துவமனையில் ஒளிக்கும் ஒலிக்கும் நேர்ந்த பிணக்கையே பெங்களூரின் குடிசைப் பகுதியிலும் காண்கிறோம்.

தமிழகத்திலும் அக்காலத்தில் ஒரு முயற்சி நடந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த மடலின் பிளோஷேயும் உடனாய்வாளரும், எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து, உழவர்களுக்கான தமிழ்ப் பேச்சமைப்பு ஒன்றை உருவாக்கி 2006இல் விளக்கினர். சிற்றூர்களில் பேச்சைப் பதிவுசெய்து, மிகச் சிறிய சொற்களஞ்சியத்தை மட்டும் பொறிக்குப் பயிற்றினர். ஒரு சொல் குரலாக வரலாம், அல்லது அதற்குரிய படத்தை விரலால் தொடலாம். வட்டார வழக்குகளின் வேறுபாடே அவர்கள் முதலில் எதிர்கொண்ட சிக்கல்.

கார்னெகி மெலன் முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயரோடு நில்லாமல், அகலத்திரைக்கு நீண்ட பெயர், சிறுதிரைக்குக் குறும்பெயர், ஒலிப்பதற்குரிய வடிவம் என்று பல பெயர்கள் அடங்கிய அகராதி ஒன்று சேர்ந்தே வந்தது. ஆங்கிலத்திற்கு அது வசதி. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பிளவுபட்ட தமிழுக்கு அது அடித்தளம். தொலைக்காட்சியின் திரையில் ‘ஒலியளவு’ என்று எழுதலாம். எவரும் தம் வீட்டில் அவ்வாறு சொல்வதில்லை, ‘சவுண்டைக் குறை’ என்றே சொல்கின்றனர். பொறி அதனைப் புரிந்துகொள்ளவேண்டும். மறுமொழி எவ்வழக்கில் கூறுவது என்றும் தீர்மானிக்கவேண்டும். முழுச் செந்தமிழில் கூறினால் வானொலிச் செய்திபோல் அந்நியமாகும். ஒரு வட்டாரத்துப் பேச்சில் கூறினால் மற்ற வட்டாரத்தார்க்கு அது நகைப்பாகலாம். அகவை, உறவு, மதிப்பு ஆகியவற்றிற்கேற்ப ‘குறை’, ‘குறையுங்கள்’, ‘குறைக்கவும்’ என்று வேறுபடும் ஏவலும் வியங்கோளும் இதன்மேல் வருவன. இவ்வகராதியைத் தொகுப்பது கணிப்பொறியாளரால் மட்டும் முடிவதன்று. வட்டார வழக்கு அகராதிகளைத் தொகுத்தவர்களின் உழைப்பு இங்கே வேண்டும்.

எண்ணுப்பெயரில் இச்சிக்கல் உருவில் மிகச் சிறிதாகவும் தெளிவாகவும் தோன்றுகிறது. கடைகளில் பணம் வந்து சேர்ந்ததைக் கூவிச் சொல்லும் ‘சவுண்ட் பாக்ஸ்’ இன்று தெருவெங்கும் காணப்படுகிறது. வாங்குபவர் தம் கைபேசித் திரையில் காண்பது 375 என்னும் எண். விற்பவர் கேட்பது குரல். அக்குரல் ‘முந்நூற்று எழுபத்தைந்து’ என்று ஒலிப்பதா, ‘முன்னூத்தி எழுவத்தஞ்சு’ என்று ஒலிப்பதா? இரைச்சல் மிகுந்த கடைத்தெருவில் எது பிழையின்றிச் செவியில் விழும் என்பதைக் களத்தில் சென்று அளந்து பார்த்தலே இதற்கு விடை தரும்.